பிள்ளைக்கு கேமிங் கம்ப்யூட்டர்: காசை எதில் போடணும், எதில் போடக்கூடாது

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சுற்று வட்டாரத்தில் இருக்கிற பெற்றோர்களை மனசில் வைத்து எழுதுகிறேன். மற்ற ஊர்க்காரர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். த்ரெட் கொஞ்சம் நீளம். சேமிச்சு வச்சுக்கிட்டு, கடைக்குப் போறதுக்கு முந்தின நாள் ஒருமுறை படிச்சிடுங்க.

1.
முதல்ல என் கருத்தை நேரடியா சொல்லிடுறேன். பத்து வயசுக்கு மேல உள்ள பிள்ளை கேமிங் கம்ப்யூட்டர் கேட்டா, வீட்டு வரவு செலவு தாங்கும்னா, வாங்கிக் கொடுங்க. வட்டிக்கு வாங்கியோ, நகையை வச்சோ வேண்டாம்.

ஆனா அந்தப் பணத்தைக் கடையில் சொல்ற வரிசைப்படி செலவு பண்ணாதீங்க. அந்த வரிசை எப்படி இருக்கும்? முதல்ல கிராஃபிக்ஸ் கார்டு, அப்புறம் ப்ராசசர், அப்புறம் கலர் லைட்டு. மிச்சம் இருந்தா மானிட்டர். அதுக்கும் மேல மிச்சம் இருந்தா எஸ்எம்பிஎஸ்.

நான் சொல்றது இதுக்குத் தலைகீழ். பிள்ளையோட உடம்பைத் தொடுற பாகம் முதல்ல. பின்னாடி மாத்துறது கஷ்டமான பாகம் ரெண்டாவது. எப்ப வேணாலும் சேர்த்துக்கலாம்ங்கிற பாகம் கடைசி.

2.
"என்ன சார், டாக்டரே கேம் விளையாடச் சொல்றீங்களா?"

உங்க பிள்ளை இப்பவே விளையாடிக்கிட்டுதான் இருக்கு. உங்க ஃபோன்ல. படுத்துக்கிட்டு, முகத்துக்கு ஒரு ஜாண் தூரத்துல வச்சுக்கிட்டு, போர்வைக்குள்ள. தலைவலி, கழுத்துவலி, காலையில எந்திரிக்க மாட்டேங்கிறான்னு என்கிட்ட கூட்டிட்டு வர்ற பள்ளிப் பிள்ளைகள்ல பெரும்பாலோரின் கதை இதுதான்.

டேபிள்ல இருக்கிற கம்ப்யூட்டரை போர்வைக்குள்ள கொண்டு போக முடியாது. உட்கார்ந்துதான் விளையாடணும். திரை ஒரு கை நீளம் தள்ளி இருக்கும். என்ன விளையாடுறான், யாரோட பேசுறான்னு போறப்ப வர்றப்ப உங்க கண்ணுல படும். அணைச்சா அணைஞ்சதுதான். இதெல்லாம் ஃபோன்ல கிடையாது.

ஒரே ஒரு நிபந்தனை. கம்ப்யூட்டர் வந்த நாள்ல இருந்து ஃபோன்ல கேம் கிடையாது. இதைப் பணம் கட்டுறதுக்கு முன்னாடியே பேசி முடிச்சுக்கணும். இல்லேன்னா ரெண்டு மணி நேரம் இது, ரெண்டு மணி நேரம் அதுன்னு கூடித்தான் போகும்.

3.
யாருக்கு இப்போ வாங்கக் கூடாது?

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியல், ஐசிடி-11, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் கேமிங் கோளாறு ஒரு நோயாகவே சேர்க்கப்பட்டிருக்கு. மூணு அடையாளம்: விளையாட்டை நிறுத்த முடியாம கட்டுப்பாடு போறது, மத்த எல்லாத்தையும் விட விளையாட்டே முக்கியம் ஆகிறது, கெடுதல் நடக்குதுன்னு தெரிஞ்சும் தொடர்றது. பொதுவா இது 12 மாசம் நீடிச்சிருக்கணும், படிப்போ குடும்ப வாழ்க்கையோ கண்கூடா பாதிச்சிருக்கணும்.

ஆக, தினமும் ஒரு மணி நேரம் ஆசையா விளையாடுற பிள்ளை நோயாளி இல்ல. பயப்படாதீங்க.

ஆனா ஃபோனைப் பிடுங்கினா பொருளைத் தூக்கி அடிக்கிறான், பள்ளிக்கூடம் போக மாட்டேங்கிறான், ராத்திரி தூங்குறதே இல்லேன்னா, கம்ப்யூட்டர் வாங்கினா சரியாகிடும்னு நினைக்காதீங்க. முதல்ல மனநல மருத்துவரைப் பாருங்க. எங்க போறதுன்னு தெரியலேன்னா அரசின் டெலி மானஸ் எண் 14416. இலவசம், தமிழில் பேசலாம்.

4.
சரி, வாங்குறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க. கடைக்குப் போகாதீங்க. முதல்ல ஒரு பேப்பர் எடுத்து, பிள்ளையை உட்கார வச்சு, எந்தெந்த கேம் விளையாடப் போறேன்னு எழுதச் சொல்லுங்க.

மைன்கிராஃப்ட், ரோப்லாக்ஸ், வாலரண்ட்னு எழுதினா உங்களுக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டே தேவையில்ல. இந்த ஒரு பேப்பர் பட்ஜெட்ல பெரிய பங்கை மிச்சப்படுத்தும்.

ஜிடிஏன்னு எழுதினா, அது பெரியவங்களுக்கான விளையாட்டு, ஐரோப்பிய வயது வரம்பே 18னு தெரிஞ்சுக்கிட்டு முடிவெடுங்க. "ஜிடிஏ 6 வருதுப்பா, அதுக்கு ஏத்த மாதிரி வாங்கணும்"னு சொன்னா, அந்த விளையாட்டு அறிவிக்கப்பட்டது பிளேஸ்டேஷன் 5க்கும் எக்ஸ்பாக்ஸுக்கும்தான்னு பதில் சொல்லுங்க. அப்பாவுக்கும் விஷயம் தெரியுதுன்னு ஒரு மரியாதை வரும்.

5.
விலை சொல்ல மாட்டேன். வாரத்துக்கு வாரம் மாறுது. குறிப்பா 2025 கடைசியில இருந்து ரேம் விலை தாறுமாறா ஏறுச்சு. ஏஐ சர்வர்களுக்கு மெமரி சிப் மொத்தமா போகுது. க்ரூஷியல்ங்கிற பேர்ல நம்ம மாதிரி ஆட்களுக்கு ரேம் வித்த மைக்ரான் நிறுவனமே அந்த வியாபாரத்தை விட்டுடப் போறோம்னு 2025 டிசம்பரில் அறிவிச்சிடுச்சு.

அதனால பங்கு சொல்றேன். கையில 100 ரூபாய் இருந்தா:
மானிட்டர் 18
எஸ்எம்பிஎஸ் 8
கேபினட் 5
ப்ராசசர் 22
மதர்போர்டு 12
ரேமும் எஸ்எஸ்டியும் சேர்த்து 25
கீபோர்டு, மவுஸ், ஸ்பீக்கர் 10

கிராஃபிக்ஸ் கார்டு எங்கேன்னு கேட்பீங்க. அதுக்கு வர்றேன். மேசை, நாற்காலி, யுபிஎஸ் இந்த 100க்கு வெளியே. ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன ஆகலாம். ஆனா மானிட்டர்லயும் எஸ்எம்பிஎஸ்லயும் கை வைக்காதீங்க.

6.
மானிட்டர். பிள்ளையின் கண் பல வருஷம் பார்க்கப் போறது இதைத்தான். 22 முதல் 24 இன்ச், ஐபிஎஸ் பேனல், 1080பி போதும். 144 ஹெர்ட்ஸ், 240 ஹெர்ட்ஸ்னு பிள்ளை கேட்கும். 75, 100 ஹெர்ட்ஸே இந்த பட்ஜெட் கம்ப்யூட்டருக்குத் தாராளம். வீட்டில் பழைய 15 இன்ச் மானிட்டர் கிடக்கு, அதை வச்சு ஒப்பேத்திக்கலாம்னு நினைக்காதீங்க. எழுத்து சின்னதா தெரிஞ்சா பிள்ளை கூனிக்கிட்டு முன்னாடி சாயும். அப்புறம் தூரம்னு நாம சொல்றதுக்கு அர்த்தமே இல்லாமப் போயிடும்.

திரையின் மேல் விளிம்பு பிள்ளையின் கண் மட்டத்துல இருக்கணும். ஸ்டாண்டு உயரம் மாத்த முடியலேன்னா கீழ ரெண்டு பழைய டெலிபோன் டைரக்டரி வைங்க, போதும். ஜன்னல் வெளிச்சம் திரையில அடிக்காத மாதிரி பக்கவாட்டுல வைங்க. இருட்டுல விளையாட விடாதீங்க.

திரையைப் பார்க்கிறப்ப நாம கண் சிமிட்டுறது குறைஞ்சிடும். அதான் எரிச்சல், தண்ணி வடியிறது. 20 நிமிஷத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளி இருக்கிறதை 20 விநாடி பார்க்கச் சொல்லுங்க.

7.
கண்ணாடி போடுறது பத்தி ஒரு ஆராய்ச்சி சொல்றேன். சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகளை வச்சு செஞ்சது, 2015ல் வெளியானது. பாதிப் பள்ளிகளில் தினமும் கூடுதலா 40 நிமிஷம் பிள்ளைகளை வெளியில விட்டாங்க. மூணு வருஷம் கழிச்சுப் பார்த்தா, வெளியில விட்ட பிள்ளைகளில் சுமார் 30 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. விடாத பிள்ளைகளில் சுமார் 40 சதவீதம்.

மருந்து இல்ல, மாத்திரை இல்ல. வெறும் பகல் வெளிச்சம்.

அதனால வீட்டு விதி இப்படி இருக்கட்டும்: வெளிச்சம் இருக்கும்போது வெளியே, இருட்டின பிறகு கம்ப்யூட்டர். ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் சைக்கிள் ஓட்டட்டும். ராஜபாளையத்துல பக்கத்துல இருக்கிற கிரவுண்டுல பந்து அடிக்கட்டும். வேர்த்து விறுவிறுத்து வந்து, குளிச்சிட்டு உட்காரட்டும்.

8.
கேமிங் சேர்னு கார் சீட் மாதிரி ஒண்ணு விக்கிறாங்க. அது வேண்டவே வேண்டாம். பெரியவங்க அளவுக்கு செஞ்சது. பன்னெண்டு வயசுப் பிள்ளைக்கு அதுல கால் தொங்கும், முதுகு சாய்மானத்தைத் தொடாது.

வேண்டியது மூணே விஷயம். பாதம் தரையில் படணும், இல்லேன்னா கீழ ஒரு மணைப்பலகை. முதுகு சாயணும், இல்லேன்னா ஒரு தலையணை. முழங்கை மேசை மட்டத்துல இருக்கணும். வீட்டில் இருக்கிற மர நாற்காலியிலேயே இதைச் செஞ்சிடலாம்.

9.
இப்போ எஸ்எம்பிஎஸ். யாரும் பார்க்காத பெட்டி. எல்லா பாகத்துக்கும் கரண்ட் கொடுக்கிறது இதுதான். இது கெட்டுப் போகும்போது தனியாப் போகாது, மதர்போர்டையும் கூட்டிட்டுப் போகும்.

கேபினட்டோட இலவசமா வர்ற எஸ்எம்பிஎஸ் மேல 450 வாட்ஸ்னு பெருசா எழுதியிருக்கும். அதை நம்பாதீங்க. பக்கவாட்டு ஸ்டிக்கர்ல 12 வோல்ட்டுக்கு நேரா எத்தனை ஆம்பியர்னு பாருங்க. 18னு இருந்தா, 12ஐ 18ஆல பெருக்குங்க. 216 வாட்ஸ். ப்ராசசருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் கிடைக்கப் போறது அவ்வளவுதான். மிச்சம் ஸ்டிக்கர்ல மட்டும்தான் இருக்கு.

பேர் தெரிஞ்ச கம்பெனி, 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை, 550 வாட்ஸ். 80 பிளஸ்ங்கிறது கரண்டை எவ்வளவு வீணாக்காம மாத்துதுங்கிறதுக்கான முத்திரை. அது மட்டுமே பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்ல, ஆனா ஸ்டிக்கர்ல பொய் எழுதுற பெட்டிகளை வடிகட்ட உதவும். வாரண்டி வருஷத்தையும் பாருங்க. அதிக வருஷம் கொடுக்கிறவன் தன் பொருளைக் கொஞ்சமாவது நம்புறான்.

10.
இது ரொம்ப முக்கியம். "சார், கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டா லேசா சுர்ருங்குது" என்று சாதாரணமா சொல்லிட்டுப் போறாங்க.

அது சாதாரணம் இல்ல. எஸ்எம்பிஎஸ்க்குள்ள இருக்கிற ஃபில்டர் மிகச் சின்ன அளவு கரண்டை எர்த் ஒயருக்கு அனுப்பும். எர்த் ஒழுங்கா இருந்தா அது மண்ணுக்குள்ள போயிடும். எர்த் இல்லேன்னா பெட்டியின் இரும்பிலேயே நிக்கும். சுர்ருன்னா உங்க வீட்டு பிளக்குல எர்த் இல்லேன்னு அர்த்தம். இன்னிக்கு சுர்ருதான். எஸ்எம்பிஎஸ் உள்ளே பழுதாகிற அன்னிக்கு முழுக் கரண்டும் அதே இரும்புல வரலாம். செருப்பில்லாம ஈரக் காலோட உங்க பிள்ளை அதைத் தொடும்.

ஒரு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த்தை சோதிக்கச் சொல்லுங்க. வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டிருக்கான்னு பாருங்க. மூணு பின் பிளக்கை ரெண்டு பின்னா மாத்துற கட்டையைத் தூக்கிப் போடுங்க. வாடகை வீடா இருந்தாலும் இதை மட்டும் வீட்டுக்காரர்கிட்ட சண்டை போட்டாவது செய்ய வைங்க. என்னைக் கேட்டா, கம்ப்யூட்டர் பட்ஜெட்ல முதல் செலவே இதுதான்.

11.
யுபிஎஸ். 600 விஏன்னு எழுதியிருந்தா பெரும்பாலும் அது தாங்குறது 360 வாட்ஸ்தான். விஏ வேற, வாட்ஸ் வேற. கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டருக்கு இது போதும். ரெண்டு மூணு நிமிஷத்துல சேவ் பண்ணிட்டு அணைக்கத்தான் யுபிஎஸ், தொடர்ந்து விளையாட இல்ல. வீட்டு இன்வெர்ட்டர்ல ஓட்டுறதா இருந்தா அது சைன் வேவ் இன்வெர்ட்டரான்னு கேட்டுக்கோங்க. ஸ்கொயர் வேவ்ல சில எஸ்எம்பிஎஸ் மக்கர் பண்ணும்.

நம்ம ஊரு மலையடிவாரம். ஐப்பசி, கார்த்திகையில இடி எப்படி இடிக்கும்னு உங்களுக்கே தெரியும். இடி தொடங்கினா சுவிட்சை அணைச்சா மட்டும் போதாது. கம்ப்யூட்டர், மானிட்டர், இன்டர்நெட் பெட்டி எல்லாத்தோட பிளக்கையும் கழட்டிடுங்க.

கரண்ட் பில் பயமா? கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து 250 வாட்ஸ்னு வைங்க. தினம் ரெண்டு மணி நேரம்னா அரை யூனிட். ரெண்டு மாசத்துக்கு 30 யூனிட். உங்க வீட்டுல ஏற்கெனவே 490 யூனிட் ஓடுதுன்னா மட்டும் யோசிங்க, 500ஐத் தாண்டினா கணக்கே மாறும்.

12.
கேபினட். முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலை போட்டது, தூசி ஃபில்டர் வச்சது வாங்குங்க. ராஜபாளையத்துல மில் பக்கத்துல வீடு இருக்கிறவங்களுக்கும், சத்திரப்பட்டியில பேண்டேஜ் தறி ஓடுற தெருவுல இருக்கிறவங்களுக்கும் விளக்க வேண்டியதில்ல. பஞ்சுத் தூசி ஃபேன் இறக்கையில நூல் மாதிரி சுத்திக்கும். காத்து போகாம சூடேறி, கம்ப்யூட்டர் தானா அணையும். கடையில கொடுத்தா ப்ராசசர் போச்சும்பாங்க. பல நேரம் போனது ஒண்ணுமில்ல, தூசிதான்.

மாசம் ஒருமுறை பிளக்கைக் கழட்டிட்டு, வீட்டுக்கு வெளியே வச்சு, பெயின்ட் பிரஷ்ஷால தட்டுங்க. மூக்குல துணி கட்டிக்கோங்க. இழைப்பு, ஆஸ்துமா இருக்கிற பிள்ளையைப் பக்கத்துல விடாதீங்க.

13.
ப்ராசசர். குறைஞ்ச பட்ஜெட்டுக்கு என் சிபாரிசு, உள்ளேயே கிராஃபிக்ஸ் வச்ச ப்ராசசர். உதாரணம், ஏஎம்டி ரைசன் 5 5600ஜி. 2021ல வந்தது, 6 கோர், 65 வாட்ஸ். கடைசியில இருக்கிற ஜி எழுத்துக்கு கிராஃபிக்ஸ் இருக்குன்னு அர்த்தம். மைன்கிராஃப்ட், வாலரண்ட் நல்லா ஓடும். ஜிடிஏ 5 மாதிரி விளையாட்டு செட்டிங்கைக் குறைச்சு வச்சா ஓடும். பள்ளிப் பாடம், கோடிங், வீடியோ எடிட்டிங் எல்லாத்துக்கும் போதும். இது பழைய டிடிஆர்4 ரேம் போடுற வகை. புது வகையான ஏஎம்5க்குப் போனா டிடிஆர்5 ரேம் மட்டும்தான் போட முடியும், பட்ஜெட் எகிறிடும்.

இன்டெல்ல ஐ3-12100, ஐ5-12400 நல்லவை. ஆனா பின்னாடி எஃப் எழுத்து இருந்தா உள்ளே கிராஃபிக்ஸ் இல்ல. தனிக் கார்டு போடாம திரையில படமே வராது. விலை குறைவா இருக்கேன்னு எஃப் வாங்கிட்டு முழிச்சவங்க நிறைய பேர்.

14.
"ஐ7 கேமிங் பிசி, ரொம்பக் குறைஞ்ச விலை"ன்னு விளம்பரம் பார்த்திருப்பீங்க. ஐ7ன்னு கேட்டு மயங்காதீங்க. அதுக்கு அப்புறம் வர்ற எண்ணைப் பாருங்க. ஐ7-2600னா அது ரெண்டாம் தலைமுறை, 2011ல வந்தது. உங்க பிள்ளையை விட வயசுல மூத்தது.

விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓட நிறுத்திடுச்சு. விண்டோஸ் 11க்கு இன்டெல்ல எட்டாம் தலைமுறையாவது வேணும். அதாவது அந்த எண் 8லயோ 9லயோ தொடங்கணும், இல்லேன்னா 10, 11, 12ன்னு தொடங்கணும். 2, 3, 4ன்னு தொடங்கினா கடையை விட்டு வெளியே வந்துடுங்க.

இதே மாதிரி இன்னொரு பொறி, ஜிடி 730 கிராஃபிக்ஸ் கார்டு. "4 ஜிபி கார்டு சார்"னு சொல்வாங்க. 2014ல வந்த கார்டு. 5600ஜிக்குள்ள இருக்கிற கிராஃபிக்ஸே அதை விட வேகம்.

15.
ரேம் 16 ஜிபி. ஒரே 16ஆ வாங்காம, ரெண்டு 8ஆ வாங்குங்க. உள்ளே கிராஃபிக்ஸ் வச்ச ப்ராசசர் இந்த ரேமைத்தான் கிராஃபிக்ஸுக்கும் எடுத்துக்கும். ரெண்டு குச்சியா போட்டா ரெண்டு வழியில தகவல் ஓடும், விளையாட்டுல வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். இப்போதைய விலைக்கு முடியலேன்னா ரெண்டு 4 வாங்காதீங்க. ஒரு 8 வாங்கி வச்சு, இன்னொரு 8 பொங்கலுக்கோ தீபாவளிக்கோ சேருங்க.

எஸ்எஸ்டி 500 ஜிபி, என்விஎம்இ வகை. பழைய ஹார்டு டிஸ்க்ல விண்டோஸ் போடாதீங்க. "கிராக் விண்டோஸ்" போட்டுத் தர்றேன்னா வேண்டாம்னு சொல்லுங்க. அந்தக் கம்ப்யூட்டர்ல நீங்களும் ஒரு நாள் பேங்க் கணக்கைத் திறப்பீங்க.

16.
இப்போ கிராஃபிக்ஸ் கார்டு. ஒரு வருஷம் கழிச்சு வாங்கலாம். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் நல்ல மதர்போர்டும் வாங்கியிருந்தா, கார்டைச் செருகுற வேலை பத்து நிமிஷம். ஆர்எக்ஸ் 6600 மாதிரி கார்டு 132 வாட்ஸ் இழுக்கும், 550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் தாராளமா தாங்கும். கார்டு சேர்த்த பிறகு அந்தச் சின்ன யுபிஎஸ் தாங்குமான்னு மறுபடி கணக்குப் பார்த்துக்கோங்க.

இந்த ஒரு வருஷம் உங்களுக்கு ஒரு பரிசோதனைக் காலமும் கூட. நேரத்துக்கு அணைக்கிறானா, வெளியே விளையாடப் போறானா, தூங்குறானான்னு பார்த்துட்டு அடுத்த செலவை முடிவு பண்ணலாம். முதல் நாளே மொத்தப் பணத்தையும் கொட்டிட்டா, அப்புறம் பேச உங்க கையில எதுவும் இருக்காது.

17.
இன்னும் குறைஞ்ச பட்ஜெட்டா? ஆபீஸ்கள்ல இருந்து வர்ற பழைய பிராண்டட் கம்ப்யூட்டர் மோசமில்ல. எட்டாம் தலைமுறைக்கு மேல, கடை வாரண்டியோட வாங்குங்க. ஒரு எச்சரிக்கை: அந்தச் சின்னப் பெட்டிகள்ல எஸ்எம்பிஎஸ் அந்தக் கம்பெனிக்கே உரிய வடிவத்துல இருக்கும், வெளிச்சந்தை எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. பின்னாடி கார்டு சேர்க்கணும்னா, தனிக் கரண்ட் ஒயர் தேவைப்படாத, குட்டை வடிவ கார்டுதான் போட முடியும். ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி அப்படி வருது, 70 வாட்ஸ்தான் இழுக்கும்.

18.
கலர் லைட்டு. காசுக்குப் பிடிச்ச கேடு என்பதோட ஒரு மருத்துவக் காரணமும் இருக்கு. வலிப்பு நோய் உள்ளவங்கள்ல ஒரு சிறு பகுதியினருக்கு மின்னி மின்னி எரியும் வெளிச்சமே வலிப்பைத் தூண்டும். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போகிமான் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் மாறி மாறி வெட்டிய ஒரு காட்சியால் 600க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குப் போனார்கள். உங்க பிள்ளைக்கு எப்பவாவது வலிப்பு வந்திருந்தா, கம்ப்யூட்டர் வாங்குறதுக்கு முன்னாடி உங்க மருத்துவரிடம் சொல்லிடுங்க. மறைக்காதீங்க.

காதுக்கும் ஒரு வார்த்தை. ஹெட்ஃபோனை விட ஸ்பீக்கர் நல்லது. ஹெட்ஃபோன் போட்டே ஆகணும்னா, பாதிக்கு மேல சத்தம் வேண்டாம். நீங்க சாதாரணமா கூப்பிட்டா பிள்ளைக்குக் கேக்கணும். அதுதான் அளவு.

19.
எங்க வாங்குறது? ஆன்லைன், மதுரை, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எல்லா இடத்திலேயும் விலையைப் பாருங்க. ஆனா கொஞ்சம் கூட ஆனாலும் உள்ளூர்ல வாங்கலாம்ங்கிறது என் கருத்து. எஸ்எம்பிஎஸ் போனா பெட்டியைத் தூக்கிட்டு பஸ் ஏறி மதுரைக்குப் போறது யாரு?

உள்ளூர்ல வாங்கினாலும் கறாரா இருங்க. ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வரி, சீரியல் நம்பரோட ஜிஎஸ்டி பில். "பில் இல்லாம வாங்கினா 18 சதவீதம் மிச்சம் சார்"னா சிரிச்சிட்டு பில் போடச் சொல்லுங்க. பில் இல்லேன்னா வாரண்டி இல்ல. ஒவ்வொரு பாகத்தோட காலி அட்டைப்பெட்டியையும் வீட்டுக்கு எடுத்துட்டு வந்து பரண்ல போடுங்க. பொருத்தும்போது பிள்ளையைப் பக்கத்துல நிக்க விடுங்க. தான் நின்னு பொருத்தின பொருளை அவன் பத்திரமா வச்சுக்குவான். அதுல கத்துக்கிறது எந்த கேம்லயும் கிடைக்காது.

20.
எங்க வைக்கிறது? ஹால்ல. பெட்ரூம்ல கூடவே கூடாதுன்னுதான் எல்லா மருத்துவர்களும் சொல்வோம்.

ஆனா நம்ம ஊர் நிலைமை எனக்குத் தெரியும். மில்லுல நைட் ஷிப்ட் முடிச்சு வந்த அப்பா பகல் முழுக்க அதே ஹால்ல படுத்துத் தூங்குவார். பல வீட்டுக்கு ஹாலும் பெட்ரூமும் ஒண்ணுதான். அந்த வீடுகளுக்கு "ஹால்ல வைங்க"ங்கிற அறிவுரையால் பிரயோஜனமில்ல. நான் சொல்றது இதுதான்: வீட்டுல எந்த மூலையில வச்சாலும், திரை வாசலைப் பார்த்து இருக்கட்டும். யார் உள்ளே வந்தாலும் திரை தெரியணும். அப்பா தூங்குற நேரத்துல கம்ப்யூட்டர் கிடையாது. ஷிப்ட் மாறினா விளையாட்டு நேரமும் மாறும். அப்பாவோட தூக்கமும் மருத்துவம்தான்.

21.
பிள்ளையோட தூக்கம். 6 முதல் 12 வயசுக்கு 9 முதல் 12 மணி நேரம். 13 முதல் 18 வயசுக்கு 8 முதல் 10 மணி நேரம். காலையில ஆறு மணிக்கு டியூஷன் போற பிள்ளை ராத்திரி ஒன்பதுக்கு கம்ப்யூட்டரை அணைச்சே ஆகணும். மேட்ச் பாதியில இருக்குன்னு சொல்லும். அது உண்மைதான், சில விளையாட்டுகளை நடுவுல நிறுத்த முடியாது. அதனால "எட்டரைக்கு மேல புது மேட்ச் தொடங்கக் கூடாது"ன்னு விதி வைங்க. பிளக்கைப் பிடுங்கிச் சண்டை போடுறதை விட இது நல்லா வேலை செய்யும்.

"பத்தாவதுல 450 எடுத்தா வாங்கித் தர்றேன்"னு பேரம் பேசாதீங்க. 440 எடுத்த பிள்ளை தோத்துப் போனதா நினைக்கும். வாங்குறதுன்னா வாங்குங்க, இல்லேன்னா இப்போ முடியாதுன்னு காரணத்தோட சொல்லுங்க. குடும்ப வருமானத்தைப் புரிஞ்சுக்கிற வயசுதான் அது.

22.
காசு கட்டி ஆடுற ஆன்லைன் சூதாட்ட விளையாட்டுகளை 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடை பண்ணியாச்சு. ஆனா விளையாட்டுக்குள்ள சட்டை, துப்பாக்கி, பெட்டின்னு விக்கிறது அப்படியேதான் இருக்கு. அந்தக் கம்ப்யூட்டர்ல உங்க கார்டு நம்பரைச் சேமிக்காதீங்க. யுபிஐ பின்னைப் பிள்ளைக்குச் சொல்லாதீங்க.

23.
கடைசியா ஒண்ணு. இந்த த்ரெட் முழுக்க பிள்ளைன்னு எழுதினாலும் உங்க மனசுல ஓடினது பையன்தானே? பொண்ணு கேட்டா என்ன செய்வீங்க? "உனக்கு எதுக்கு"ன்னு ஒரு கேள்வியோட முடிஞ்சிடும். ஒரே வீட்டுல அண்ணனுக்கு டேபிள், நாற்காலி, கம்ப்யூட்டர்; தங்கச்சிக்கு அம்மாவோட பழைய ஃபோன். கண்ணும் கழுத்தும் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். கம்ப்யூட்டர் வந்தா ரெண்டு பேருக்கும் நேரம் ஒதுக்குங்க. அவளுக்கும் தனி லாகின் போட்டுக் கொடுங்க.

24.
சுருக்கமா:
எர்த்தை சோதிங்க.
கேம் பட்டியலை எழுதி வாங்குங்க.
மானிட்டர், எஸ்எம்பிஎஸ் தரமா.
ஜி எழுத்து ப்ராசசர், ரெண்டு 8 ஜிபி ரேம், 500 ஜிபி எஸ்எஸ்டி.
கிராஃபிக்ஸ் கார்டு அடுத்த வருஷம்.
லைட்டு, கேமிங் சேர் வேண்டாம்.
பில்லும் பெட்டியும் பத்திரம்.
திரை வாசலைப் பார்த்து.
பகல்ல வெளியே, ராத்திரி ஒன்பதுக்கு ஆஃப்.
ஃபோன்ல கேம் கிடையாது.

உங்க பட்ஜெட்டையும் பிள்ளையின் வயசையும் கமென்ட்ல போட்டு கேளுங்க. நேரம் கிடைக்கும்போது பதில் எழுதுறேன். பள்ளிப் பிள்ளை இருக்கிற வீடுகளுக்கு இதை அனுப்பி வைங்க.


ஒரு பொதுநல மருத்துவர், ராஜபாளையம்